துண்டு போட்ட சீட்டும் மொய் நோட்டும்: பி.ஏ. சமூகவியலில் என்னதான் படிக்கிறார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். "காமர்ஸ் லிஸ்ட்ல பேரு வரலை. சோசியாலஜி சீட்டு இருக்குதாம், போட்டுடலாமா?" "அது சமூக சேவைப் படிப்பு மாமா, என்ஜிஓவுக்குப் போறவங்க படிக்கிறது." "அட, பத்தாவதுல சோசியல்னு ஒண்ணு படிச்சோமே, அதான்டா." கடைசியில் "ஈசி பாஸ்தான், சேர்த்துவிடுங்க" என்று முடிவாகும்.

இந்த நாலு வரியில் மூன்று தப்பு இருக்கிறது. சேரப்போகும் பிள்ளை மேல் குற்றமில்லை. நம் பக்கத்துப் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடிக்கும்வரை சமூகவியல் என்ற பாடப் புத்தகத்தைக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம்

பள்ளியில் படித்த சமூக அறிவியல் என்பது ஒரு மூட்டை. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலையும் சேர்த்துக் கட்டியது. சமூகவியல் அந்த மூட்டையிலேயே இல்லை. சமூகப்பணி என்பது பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. என்று தனியாக உள்ள தொழிற்படிப்பு. சோசலிசம் என்பது அரசியல் கொள்கை. எழுத்து கொஞ்சம் ஒத்துப்போவதைத் தவிர இந்தப் படிப்போடு அதைப் போட்டுக் குழப்பக் காரணமில்லை.

சமூகப்பணிக்கும் சமூகவியலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நம் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. சமூகப்பணியாளர் அந்த ஊருக்குப் போய் முகாம் நடத்துவார், மனு எழுத உதவுவார், குடும்பங்களை மருத்துவமனைக்கு அனுப்புவார். சமூகவியல் படித்தவர் கேட்கும் கேள்வி வேறு: ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் ஊருக்குள் வந்த பிறகும் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது, எந்தத் தெரு இன்னும் போர்வெல்லையே நம்பியிருக்கிறது, அந்த வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள்? முன்னவருக்குப் பின்னவரின் விடை தேவைப்படும். வேலை மட்டும் வேறு.

சீட்டில் கிடக்கும் துண்டு

ஆடிப்பெருக்கு அன்று தர்மபுரி பேருந்து நிலையம். ஒகேனக்கல் வண்டி இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஒருவர் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை எடுத்து சீட்டில் போடுகிறார். பிறகு நிதானமாகப் பின்வாசலில் ஏறி, முண்டியடித்து வந்து உட்காருகிறார். அவருக்கு முன்னால் ஏறிய பத்துப் பேர் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஏன் நிற்கிறார்கள்? துண்டு போட்டால் இடம் சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கண்டக்டர் டிக்கெட்டில் அப்படி எதுவும் அச்சடித்துத் தருவதில்லை. ஆனால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். "துண்டு போட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று சீட்டுக்காரர் மட்டும் கேட்க மாட்டார், சம்பந்தமே இல்லாத நாலு பேர் சேர்ந்து கேட்பார்கள். துண்டுக்குப் பதில் ஐந்து ரூபாய்க் காசை வைத்தால் இந்த மரியாதை கிடைக்காது. தண்ணீர் பாட்டிலுக்குப் பாதி மரியாதை.

எழுதி வைக்காமலேயே பலரும் ஏற்று நடக்கும் இப்படிப்பட்ட எதிர்பார்ப்புக்குச் சமூகவியலில் நெறி என்று பெயர். மீறியவருக்குக் கிடைத்த ஏச்சும் முறைப்பும் சமூகத் தண்டனை. அப்பாவோடு பஸ் ஏறி ஏறியே ஒரு குழந்தை இதைக் கற்றுக்கொள்கிறதே, அந்தக் கற்றல் சமூகமயமாதல்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1895-இல் ஆய்வுமுறை பற்றி எழுதிய நூலில் இந்த மாதிரிச் சங்கதிகளுக்குச் சமூக உண்மை என்று பெயர் வைத்தார். நம் ஒவ்வொருவருக்கும் வெளியே இருந்துகொண்டு நம்மைக் கட்டுப்படுத்துவது என்று பொருள். துண்டு விதி நீங்கள் பிறக்கும் முன்பே இருந்தது. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் இருக்கும். நீங்கள் அதை மீறும்போதுதான் அதன் பலம் தெரியும்.

சுருக்கமாக: தனி மனிதருக்கு வெளியே இருந்து அவர் நடத்தையை வழிநடத்தும் விதிகளும் பழக்கங்களும்தான் இந்தப் பாடத்தின் கச்சாப் பொருள். முதல் செமஸ்டர் முழுக்கக் கிட்டத்தட்ட இதைச் சுற்றியே ஓடும்.

ஒருவர் கதையும் ஊர்க் கணக்கும்

பென்னாகரம் பக்கம் ஒரு பையன் பதினொன்றாவதோடு நின்றுவிட்டு பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிறான். "படிப்பு ஏறலை", "அப்பன் குடிகாரன்" என்று காரணம் சொல்வார்கள். அந்த ஒருவனைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். அதே ஊரில் ஒரே வருடத்தில் முப்பது பையன்கள் நின்றால்? முப்பது பேருக்கும் ஒரே வருடத்தில் படிப்பு ஏறாமல் போனது என்று சொல்ல முடியாது. மழை, நிலம், கடன், பெங்களூருவில் கிடைக்கும் தினக்கூலி, ஏற்கெனவே அங்கே இருக்கும் மேஸ்திரி என்று தேட வேண்டியிருக்கும். தனி ஆளின் கஷ்டத்தையும் ஊர்ப் பிரச்சினையையும் இப்படிப் பிரித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள கயிற்றைப் பார்ப்பதற்கு அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் ஒரு பெயர் வைத்தார்: சமூகவியல் கற்பனை. கற்பனை என்றதும் கதை கட்டுவது என்று நினைக்க வேண்டாம். கண்ணுக்கு நேரே தெரியாத தொடர்பை ஊகித்துப் பிறகு சரிபார்ப்பது.

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு எண். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். இயற்கையாகப் பிறக்கும் கணக்கில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள். அதாவது ஆயிரம் ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண் இருக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காணோம்.

ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாகக் கேட்டால் "எங்க வீட்டு விஷயம்" என்ற பதில்தான் வரும். மொத்தமாகக் கூட்டினால் அது ஒரு வீட்டு விஷயமாக இல்லை. வரதட்சணை, நிலம் ஆண் வாரிசுக்கே போவது, கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற நம்பிக்கை, ஸ்கேன் சென்டர் வசதி எல்லாம் சேர்ந்துதான் அந்த 826. அரசும் அதைத் தனி வீட்டுப் பிரச்சினையாக நினைக்கவில்லை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் அந்த எண் 900-ஐத் தாண்டியது. ஏன் ஏறியது, எந்த வட்டத்தில் ஏறவில்லை, திட்டத்தால் ஏறியதா வேறு காரணமா என்பதெல்லாம் பட்ட வகுப்பு மாணவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய கேள்விகள்.

நினைவில் வைக்க வேண்டியது: "இவன் ஏன் இப்படிச் செய்தான்" என்பது இந்தப் பாடத்தின் கேள்வி இல்லை. "இவர்களில் இத்தனை பேர் ஏன், அவர்களில் ஏன் அத்தனை இல்லை" என்பதுதான் கேள்வி.

ஆறு செமஸ்டரில் என்னென்ன வரும்

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான். தமிழ்நாட்டில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில்தான் சமூகவியல் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும். முதல் ஆண்டில் அடிப்படைக் கருத்துகளும் சிந்தனையாளர்களும். 1838-இல் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் காம்ட்டிலிருந்து தொடங்குவார்கள். இரண்டாம் ஆண்டில் இந்தியச் சமூகம், குடும்பம், சாதி, கிராமமும் நகரமும், பாலினம். மூன்றாம் ஆண்டில் ஆய்வுமுறை, புள்ளியியல், மருத்துவச் சமூகவியல், தொழிற்சாலைச் சமூகவியல் போன்ற விருப்பப் பாடங்கள், பல கல்லூரிகளில் ஒரு கள ஆய்வு அறிக்கை.

இந்தப் பட்டியலைப் படித்தால் எதுவும் புரியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட, மூன்றை மட்டும் திறந்து பார்ப்போம்.

'மாமா' என்ற ஒரு சொல்

அம்மாவின் தம்பி மாமா. மாமனாரும் மாமா. அப்பாவின் அக்கா அத்தை. மாமியாரும் அத்தை. நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. பீகாரிலிருந்து ஓசூர் வந்து வேலை செய்யும் தொழிலாளியிடம் "மாமா பொண்ணைக் கட்டிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும். அவர் மொழியில் மாமாவின் மகளைக் குறிக்கும் சொல்லே 'பஹன்' என்றுதான் முடியும், அதாவது சகோதரி.

தமிழில் உறவினர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள்: பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம். சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சே இல்லை. மாமா, அத்தை பிள்ளைகள் முறை. பெண் எடுக்கும் பக்கத்தைச் சொல்லே பிரித்து வைத்துவிடுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போனால் தெலுங்கில் மாம, அத்த. கன்னடத்தில் மாவ, அத்தெ. மூன்று மொழி, ஒரே வரைபடம். மானுடவியல் அறிஞர் ஐராவதி கார்வே 1953-இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் வடக்கு, தெற்கு உறவுமுறைகளை இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

ஆட்கள் மாறினாலும் மாறாமல் நிற்கும் இந்த உறவு வரைபடத்துக்குச் சமூக அமைப்பு என்று பெயர். அந்த வரைபடத்தில் 'தாய்மாமன்' என்பது ஓர் இடம். அதைத் தகுநிலை என்பார்கள். காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது, மஞ்சள் நீராட்டுக்குச் சீர் கொண்டு வருவது எல்லாம் அந்த இடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை. அவற்றுக்குப் பங்கு என்று பெயர். அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் இல்லையென்றால் சடங்கு நின்றுவிடாது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள். ஆள் வேறு, இடம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி புத்தகத்தில் கிடையாது.

மொய் நோட்டு ஒரு ஆவணம்

கல்யாண மண்டபத்து வாசலில் மேஜை, நாற்காலி, நோட்டு, ஒரு தாம்பாளம். மொய் எழுதுபவர் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுகிறார். ஏன் மொய் வைக்கிறோம் என்றால் "வாழ்த்துக்காக" என்போம். அது வெளிப்படைச் செயல்பாடு: ஒரு பழக்கம் எதற்காக என்று அதில் ஈடுபடுபவர்களே சொல்லும் பயன். அவர்கள் சொல்லாத, பல சமயம் அறியாத பயன் உள்ளுறைச் செயல்பாடு. இந்தப் பிரிவினையை அமெரிக்க அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1949-இல் தெளிவாக்கினார்.

உள்ளுறையாக என்ன இருக்கிறது? கல்யாணச் செலவு வந்த அன்றே கையில் பணம் சேர்கிறது, வட்டியில்லாமல். பிறகு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தால் மரியாதை, குறைத்தால் பேச்சு. அதனால்தான் நோட்டு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. பரிசு என்ற பெயரில் நடப்பது கொடுத்தல், வாங்கல், திருப்பித் தரல் என்ற மூன்று கடமைகளின் சங்கிலி என்று மார்சல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் பசிபிக் தீவுகளை வைத்து எழுதினார். பாப்பாரப்பட்டி மொய் நோட்டை அவரிடம் காட்டியிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும்.

மாணவர் இந்த நோட்டை எப்படிப் படிக்க வேண்டும்? முதலில் ஊர்ப் பெயர்களை எண்ண வேண்டும். உறவு எத்தனை கிலோமீட்டருக்கு விரிந்திருக்கிறது என்று தெரியும். அடுத்து, ஒரே ஊர்க்காரர்களில் எந்தத் தெருக்காரர்கள் பெயர் நோட்டில் இல்லை என்று பார்க்க வேண்டும். இல்லாத பெயர்கள்தான் சாதி எல்லையைக் காட்டும். கடைசியாக, மண்டபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். நோட்டில் பெண் பெயர் எத்தனை? தான் சிறுவாடு சேர்த்த பணத்தை வைத்த அக்காவும் பெரும்பாலும் கணவர் பெயரில்தான் பதிவாகியிருப்பார்.

சாதியும் வர்க்கமும்: சண்டை போடாமல் படிப்பது

வகுப்பில் சூடு கிளம்பும் பகுதி இது. கருத்து சொல்வதற்கு முன் கருவிகளைத் தருவதுதான் பாடத்தின் வேலை.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்சின் கேள்வி: தோப்பு யாருடையது, இயந்திரம் யாருடையது, பழம் வெட்டித் தினக்கூலி வாங்குபவர் யார்? உற்பத்திச் சாதனம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துப் பிரிப்பது வர்க்கம். ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர் அதோடு நிறுத்தவில்லை. தோத்தாபுரி மாம்பழ விலை விழுந்து கடனில் மூழ்கிய தோப்புக்காரருக்கு ஊர்த் திருவிழாவில் இன்னும் முதல் மரியாதை கிடைக்கிறதே, அது எப்படி? பணம், கௌரவம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருக்க வேண்டியதில்லை. தனித்தனியாக அளக்க வேண்டும் என்றார். இந்தியச் சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதிய நூலில் இந்த மூன்றும் எப்படிப் பிரிந்துபோகின்றன என்றுதான் காட்டினார்.

இந்தியச் சமூகவியல் அறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ் தந்த ஆதிக்க சாதி என்ற சொல் டிவி விவாதங்களில் கண்டபடி அடிபடுகிறது. "மேல் சாதி" என்று அதற்கு அர்த்தமில்லை. ஓர் ஊரில் எண்ணிக்கையும் நிலமும் அரசியல் செல்வாக்கும் சேர்ந்திருக்கும் சாதி என்பதுதான் அவர் சொன்னது. பக்கத்து ஊரில் அதே சாதி ஆதிக்கமில்லாமல் இருக்கலாம். ஊர் பெயரைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் தேர்வில் மதிப்பெண் குறையும், குறைய வேண்டும்.

அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்தளித்த கட்டுரை சாதியின் ஆணிவேரை ஒரே விஷயத்தில் வைத்தது: அகமணம், அதாவது தன் குழுவுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுப்பது. தமிழ்நாட்டின் சமத்துவபுரங்களை இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். 100 வீட்டில் பட்டியலினத்தவருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று கலந்து ஒதுக்கினார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே குழாய். இது பெரிய மாற்றம்தான். ஆனால் அம்பேத்கரைப் படித்த மாணவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: அங்கே வளர்ந்த பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகள் என்ன சொல்கின்றன?

இதுவரை வந்தது: உறவு, பரிசு, சாதி, வர்க்கம் எல்லாமே அன்றாடச் சொற்கள்தான். ஒவ்வொன்றுக்கும் அளவான பொருள் கொடுத்து, அதை வைத்துக் கேள்வி கேட்கப் பழக்குவது முதல் நாலு செமஸ்டர்.

ஆய்வுமுறை: படிப்பின் முதுகெலும்பு

மாணவர்கள் பயப்படும் தாள் இது. வேலைக்குப் போனால் உண்மையில் உதவுவதும் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தலைப்பு: வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது. 400 வீடுள்ள ஓர் ஊர், 40 வீட்டில் கேட்கலாம் என்று முடிவு. களத்துக்குப் போகும் முன் எழுதி வைக்கும் ஊகம் கருதுகோள்: "வெளியூர் போகும் வீடுகளில் படிப்பை நிறுத்துவது அதிகம்." மொத்தத்துக்குப் பதிலாகக் கேட்கப்படும் அந்த 40 வீட்டுக்கு 'மாதிரி' என்று பெயர்.

முதல் சிக்கல், வீடு என்றால் எது? ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இருவர், இரண்டு ரேஷன் கார்டு, ஒரே அடுப்பு. கார்டை எண்ணினால் இரண்டு வீடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விதிப்படி, சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு வீடு. "அந்தக் காலத்துல எல்லாம் கூட்டுக் குடும்பம், இப்பதான் சிதைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்வதைச் சமூகவியல் அறிஞர் ஏ. எம். ஷா 1973-இல் வெளிவந்த நூலில் கேள்விக்கு உட்படுத்தினார். ஒரே வீட்டில் வசிப்பதும் ஒரே குடும்பமாக இருப்பதும் வேறு வேறு. இரண்டையும் கலந்துவிட்டுச் சிதைந்தது என்று பேசக் கூடாது என்பது அவர் வாதம். சமூகவியல் தெரிந்த விஷயத்தைத்தான் சொல்கிறது என்பவர்களுக்கு இது நல்ல பதில். தெரிந்ததாக நினைத்ததை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது.

இரண்டாவது, பட்டியல். பஞ்சாயத்து வீட்டு வரிப் பட்டியலை அப்படியே எடுத்தால் கதவு எண் இல்லாத புறம்போக்குக் குடிசைகள் விட்டுப்போகும். நிலமற்றவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அரை நாள் ஒதுக்கி, தெருத் தெருவாக நடந்து, ஒரு தாளில் படம் போட்டு எல்லா வீட்டுக்கும் எண் கொடுக்க வேண்டும். 400-ஐ 40-ஆல் வகுத்தால் 10. ஒன்று முதல் பத்து வரை சீட்டுக் குலுக்கி, 7 வந்தால் 7, 17, 27 என்று 397 வரை. வீடுகள் வரிசைக்குப் பத்தாகக் கட்டப்பட்ட காலனி என்றால் இந்த முறை ஆகாது. ஒவ்வொரு வரிசையிலும் ஏழாவது வீடே திரும்பத் திரும்ப வரும். அங்கே 40 எண்ணையும் குலுக்கியே எடுக்க வேண்டும்.

இப்போது 27-ஆம் வீடு பூட்டியிருக்கிறது. "பெங்களூரு போயிட்டாங்க, பொங்கலுக்குத்தான் வருவாங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. மாணவர் 28-ஆம் வீட்டில் கேட்டு எழுதிவிட்டு நகர்கிறார். அறிக்கை அந்த இடத்திலேயே கெட்டுவிட்டது. தலைப்பே வெளியூர் போகிறவர்களைப் பற்றி. பூட்டிய வீடுகளை விட்டுவிட்டால் போகாதவர்களை மட்டும் எண்ணியதாக ஆகும். வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும், பக்கத்து வீட்டில் போன் எண் கேட்க வேண்டும், அப்படியும் கிடைக்காவிட்டால் 40-இல் இத்தனை வீடு கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுத வேண்டும். பகல் பதினொரு மணிக்கு மட்டும் போனாலும் இதே கோளாறுதான். வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் இருப்பார்கள்.

அடுத்தது கேள்வித்தாள். "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் பாதி வீடுகளில் விடையே கிடையாது. மாங்காய்ப் பருவத்தில் ஒரு கூலி, மற்ற மாதங்களில் நூறு நாள் வேலை, சொசைட்டிக்கு ஊற்றும் பால், மகன் அனுப்பும் பணம் என்று கலந்து வரும். தவிரவும், வருமானத்தைக் கூட்டிச் சொன்னால் உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் இருக்கும். போன வாரம் எத்தனை நாள் வேலை, ஒரு நாள் கூலி எவ்வளவு, காலையில் எத்தனை லிட்டர் பால் என்று உடைத்துக் கேட்டால் சரியான விடை வரும். "பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதை ஆதரிக்கிறீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் வயதும் நிறுத்திய வகுப்பும் கேளுங்கள். "குடிநீர், சாலை வசதி திருப்தியா?" என்பது இரண்டு கேள்வி, ஒரு விடை. தளிப் பக்கம் போகும்போது கன்னடத்தில், தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கேள்வி கேட்டுவிட்டு வருவீர்கள். முதலில் ஐந்து வீட்டில் ஒத்திகை பார்த்துத் திருத்த வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் பதில்கள் "ஆமா, இல்ல" என்று சுருங்கிவிடும்.

அட்டவணை எங்கே ஏமாற்றும்

40 வீட்டுக் கணக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்). வெளியூர் போகும் வீடு 16, அதில் 8 வீட்டில் பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கிறது. போகாத வீடு 24, அதில் 6. முதல் குழுவில் 50 சதவீதம், இரண்டாவதில் 25. கருதுகோள் சரி என்று துள்ளத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. நிலம் இருக்கிறதா என்று இன்னொரு முறை பிரித்துப் பார்ப்போம். நிலமற்ற வீடுகளில் வெளியூர் போவது 12, அதில் 7 நிறுத்தம். போகாதது 6, அதில் 3. அதாவது 58-க்கு 50. நிலமுள்ள வீடுகளில் போவது 4, அதில் 1. போகாதது 18, அதில் 3. அதாவது 25-க்குப் 17. இருபத்தைந்து சதவீதப் புள்ளியாக இருந்த இடைவெளி எட்டாகச் சுருங்கிவிட்டது. மொத்த நிலமற்ற வீடுகளில் 18-க்கு 10 நிறுத்தம், நிலமுள்ளவற்றில் 22-க்கு 4. படிப்பு நின்றதற்குப் பெரிய காரணம் நிலமின்மை. அதே நிலமின்மைதான் வெளியூரும் அனுப்புகிறது. வீட்டுக்கு வீடு மாறும் இப்படிப்பட்ட தன்மைகளை மாறி என்பார்கள். பின்னால் ஒளிந்திருக்கும் மூன்றாவது மாறியைத் தேடாமல் இரண்டை மட்டும் ஒட்டிக் காரணம் சொல்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. வாட்ஸ்அப்பில் வரும் புள்ளிவிவரங்களில் முக்கால்வாசியும் இதே பிழைதான். இன்னொன்று: நாலே வீட்டில் ஒன்றை 25 சதவீதம் என்று எழுதுவது பெருமைக்கு உதவும், உண்மைக்கு உதவாது. அந்த இடத்தில் '4-இல் 1' என்றே எழுத வேண்டும்.

எண்ணாமல், ஓர் ஊரில் தங்கி, பார்த்துக் கேட்டு எழுதும் முறையும் உண்டு, அது களப்பணி. ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூருக்கு அருகே ஓர் ஊரில் தங்கி எடுத்த குறிப்புகளைத் தொகுத்து வைத்திருந்தார். 1970-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவை எரிந்துபோயின. நினைவிலிருந்து எழுதி 1976-இல் புத்தகமாக்கினார். அவரால் முடிந்தது. ஒரே பென் டிரைவில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரால் முடியாது. அன்றன்று எழுதியதை அன்றன்றே இரண்டு இடத்தில் வையுங்கள்.

பெயர்களைத் தனித் தாளில் வைத்து, அறிக்கையில் எண் மட்டும் போடுவது அடிப்படை ஒழுக்கம். அதுவும் சில நேரம் போதாது. சின்ன ஊரில் "கணவரை இழந்த சத்துணவுப் பணியாளர்" என்று எழுதினாலே ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தமிழ்வழி படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரே கருத்துக்குப் புத்தகத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் இருக்கும். பண்பாடு, கலாச்சாரம் இரண்டும் ஒன்றா என்று தேர்வு மண்டபத்தில் யோசிக்கக் கூடாது. முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், சொந்த ஊர் உதாரணம் என்று மூன்று பத்தி போட்டு எழுதி வாருங்கள். மூன்றாவது பத்திதான் உங்களுக்கு மதிப்பெண் தரும். கைடு புத்தகத்தில் அது இருக்காது.

முடித்த பிறகு

பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'சமூகவியலாளர்' என்ற பெயரில் வேலை கிடைப்பது அரிது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் ஏதாவது ஒரு பட்டம் கேட்கும் பதவிகளுக்கு இதுவும் ஒரு பட்டம். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். எம்.ஏ. படித்து நெட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு வழி. எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தால் மருத்துவமனை, தொழிற்சாலைப் பக்கம் திரும்பலாம். கணக்கெடுப்பு நடத்தும் நிறுவனங்களில் களப்பணியாளர் வேலைக்கு ஆய்வுமுறைத் தாளை ஒழுங்காகப் படித்தவர் முதல் நாளிலிருந்தே பயன்படுவார். பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் கவனம்: பள்ளிகளில் தனிப் பாடமாகப் பெரும்பாலும் இல்லாததால் இது நேர்வழி இல்லை. பி.எட். சேர்க்கை விதிகளை அந்த ஆண்டுக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சீட்டு வாங்கும் முன் துறையில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். தேர்வைத் தமிழில் எழுதலாமா? மூன்றாம் ஆண்டில் கள ஆய்வு உண்டா, அதற்கு மாணவர்கள் உண்மையில் ஊருக்குப் போகிறார்களா? போன ஆண்டு மாணவர்கள் எழுதிய அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா? காட்டினால், நேராக அட்டவணை இருக்கும் பக்கத்துக்குப் போய், எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.